கடையில ஒரு கணக்கு, ஒன்லைன்ல இன்னொரு கணக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில "ஒன்லைன்ல விக்கிற கடைக்காரர் பில் அடிக்கிற சிஸ்டத்தையும் அதோட சேத்து யோசிக்க வேணும்" எண்டு ஒரே ஒரு வரி எழுதியிருந்தன். அதுக்கு திருகோணமலைப் பக்கத்தில இருந்து மட்டும் இவ்வளவு கேள்வி வந்திருக்கு. எல்லாத்துக்கும் இடம் காணாது, கன பேருக்குப் பொதுவா வாற பிரச்சினையளை எடுத்திருக்கன்.

கேள்வி: எங்கட புடவைக்கடை மத்திய வீதியில இருக்கு. கடையில பில் அடிக்க ஒரு சொஃப்ட்வெயார், மகள் செய்து தந்த வெப்சைட் வேற. சித்திரை வருசப்பிறப்புக்கு முதல் கிழமை ஒரே சாறியை கடையில ஒரு ஆளுக்கும் ஒன்லைன்ல வவுனியாவில ஒரு பிள்ளைக்கும் வித்துப்போட்டம். அந்தப் பிள்ளை காசும் கட்டிட்டா. ரெண்டையும் இணைக்க ஏலுமா? எவ்வளவு முடியும்?
– ஒரு வாசகி, திருகோணமலை நகரம்

பதில்: ஏலும் அக்கா. ஆனா எவ்வளவு முடியும் எண்டதுக்கு முதல் என்ன நடந்தது எண்டு பாப்பம், ஏனெண்டா இதை விளங்காம காசைக் கொட்டினா அடுத்த தீபாவளிக்கும் இதே தான் நடக்கும்.

உங்கட கடையில ஒரு சாறிக்கு ரெண்டு கொப்பி இருக்கு. கடைக் கொம்பியூட்டர் ஒண்டு, வெப்சைட் மற்றது. பின்னேரம் கடையில சாறியை வித்து பில் அடிச்ச உடனே முதல் கொப்பியில 0, மற்றக் கொப்பியில இன்னும் 1 தான் நிக்குது, அதை மகள் இரவு இருந்து மாத்துவா எண்டு தானே உங்கட ஒழுங்கு, அதுக்கிடையில வவுனியாப் பிள்ளை வாங்கிட்டா. மகளைப் பேசாதீங்க, அவவில பிழை இல்ல. ஷேர்ட், சோட்ஸ் மாதிரி ஒரே சாமான் 40 இருக்கிற கடையில இது தெரியவே வராது. சாறி ஒவ்வொரு டிசைனும் ஒண்டு ரெண்டு தான் வரும், அதால தான் உங்களுக்கு முதல்ல அடிச்சது.

ஆகவே முதல் முடிவு, எந்தக் கொப்பி முதலாளி எண்டது. ஒரே ஒரு இடத்தில தான் எண்ணிக்கை இருக்க வேணும், மற்றது அதைப் பாத்து எழுத வேணும். இதுக்கு ரெண்டு வழி. ஒண்டு, கடைக்கும் வெப்சைட்டுக்கும் ஒரே சிஸ்டத்தைப் போடுறது. மற்றது, இருக்கிற ரெண்டையும் இடையில ஒரு இணைப்பு வச்சுக் கட்டுறது. உங்கட பழைய சொஃப்ட்வெயார்காரர் "இணைக்கலாம்" எண்டு சொன்னா வாயால கேட்டு நம்பாதீங்க, அவரைக் கடைக்குக் கூப்பிட்டு ஒரு சாறியை எண்ணிக்கை 1 எண்டு வைக்கச் சொல்லுங்க, ஒரு கையில போன்ல உங்கட வெப்சைட்டைத் திறந்து வச்சுக்கொண்டு மற்றக் கையால அதைப் பில் அடியுங்க, பிறகு பக்கத்தை ரீலோட் பண்ணிப் பாருங்க எத்தனை செக்கனில "முடிஞ்சுது" எண்டு காட்டுது எண்டு. பிறகு மறுபக்கம், ஒன்லைன்ல வாங்கி கடைக் கொம்பியூட்டரில குறையுதா எண்டும் பாக்க வேணும். இந்த ரெண்டையும் கண்ணால கண்ட பிறகு காசைப் பற்றிக் கதையுங்க.

அடுத்தது பேர். கடையில "சில்க் நீலம் 4500" எண்டு அடிச்சிருப்பீங்க, மகள் வெப்சைட்டில "மயில்நீலப் பட்டு, தங்கக் கரை" எண்டு போட்டிருப்பா. உங்க ரெண்டு பேருக்கும் அது ஒரே சாறி, மெஷினுக்கு அது ரெண்டு சாமான். அதால ஒவ்வொரு டிசைனுக்கும் நிறத்துக்கும் ஒரு இலக்கம் குடுத்து அதே இலக்கத்தை ரெண்டு பக்கமும் போடுங்க. எஸ்கேயு எண்டு சொல்றது இதைத் தான். கடையில உள்ள எல்லாத்துக்கும் ஒரே நாளில செய்யப் போனா களைச்சு விட்டிடுவீங்க, ஒன்லைன்ல போடுற சாறிக்கு மட்டும் முதல்ல இலக்கம் எழுதின துண்டு ஒட்டுங்க, அந்தச் சாறியளுக்கு அலுமாரியில ஒரு தட்டைத் தனியா ஒதுக்குங்க, மிச்சத்தை மெல்லமா செய்யலாம்.

இன்னொண்டு, இது எந்தச் சொஃப்ட்வெயார்காரரும் சொல்லித் தர மாட்டார். எங்கட ஊரில தெரிஞ்ச ஆக்கள் மூண்டு சாறியைக் கையோட கொண்டு போய் "வீட்ட காட்டிட்டு நாளைக்கு வாறன்" எண்டு சொல்றது வழமை தானே. அந்த மூண்டும் விக்கவும் இல்ல, தட்டில இருக்கவும் இல்ல. வெப்சைட்டில மூண்டும் விற்பனைக்கு நிக்குது! அந்த வழமையை நிப்பாட்டச் சொல்ல மாட்டன், அந்த நம்பிக்கையில தான் உங்கட கடை நிக்குது. ஆனா கொண்டு போற நேரமே அந்த ஆளிட பேரில ஒரு பில்லைத் திறந்து மூண்டு சாறியையும் அடிச்சு ஹோல்ட்ல போடுங்க, அதாவது பில்லை முடிக்காம நிப்பாட்டி வையுங்க. சில சிஸ்டத்தில ஹோல்ட்ல போட்டா எண்ணிக்கை குறையாது, அப்பிடியெண்டா "வீட்ட" எண்டு ஒரு ரெண்டாவது களஞ்சியத்தை உண்டாக்கி அதுக்கு மாத்திவிடுங்க, திருப்பிக் கொண்டு வந்தா திருப்பி மாத்த 10 செக்கன் காணும். கடனுக்குக் குடுக்கிறதும் அப்பிடித் தான். காசு பிறகு வரட்டும், பில் அண்டைக்கே அடிபட வேணும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவில அபாயா கடை வச்சிருக்கன். வூகொமர்ஸ் நல்லமா ஷொப்பிஃபை நல்லமா? பாங்க்கில பிஓஎஸ் மெஷின் ஒண்டு தந்திருக்காங்க, அதை வெப்சைட்டோட இணைச்சா சரி தானே?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: வஅலைக்கும் ஸலாம் நானா. முதல்ல அந்தப் பேர்க் குழப்பத்தைத் தீப்பம். பாங்க் தந்தது காட் மெஷின். அதுக்கு நீங்க வித்தது அபாயாவா அரிசியா எண்டு தெரியாது, தொகையை மட்டும் தான் தெரியும். நான் இங்க பிஓஎஸ் எண்டு சொல்றது பில் அடிச்சு சரக்கைக் குறைக்கிற சிஸ்டம். பில் சிஸ்டத்தில 8,500 எண்டு வந்தா அதைக் காட் மெஷினில நீங்களே கையால அடிச்சு, பில்லில "காட்" எண்டு குறிச்சு முடிக்கிறீங்க, எங்கட கடையள்ல பெரும்பாலும் இப்பிடித் தான் ஓடுது. இதில தொகையைப் பிழையா அடிக்கிறது தான் ஆபத்து, அதால இரவில காட் மெஷின்ட மொத்தத்தையும் பில் சிஸ்டத்தில காட் எண்டு வந்த மொத்தத்தையும் ஒருக்காப் பக்கத்தில வச்சுப் பாருங்க.

இனி உங்கட முதல் கேள்வி. ரெண்டும் ஒன்லைன் கடை நடத்துற சொஃப்ட்வெயார் தான். ஷொப்பிஃபையில கடைப் பில்லும் வெப்சைட்டும் பிறப்பிலேயே ஒண்டு, இணைக்கிற தலையிடி இல்ல, அது பெரிய நிம்மதி. ஆனா மாசக் கட்டணம் டொலரில. அவங்கட சொந்தப் பேமண்ட் சேவை இலங்கைக்கு இல்லாததால வேற கேட்வே (ஒன்லைன்ல காசு வாங்கித் தாற சேவை) பாவிச்சா ஒவ்வொரு ஒன்லைன் விற்பனைக்கும் மேலதிகமா ஒரு வீதம் எடுப்பாங்க, பேசிக் திட்டத்தில அது 2 வீதம். கேட்வேக்குக் கட்டுறது வேற. அவங்கட காட் ரீடரும் இங்க வேலை செய்யாது, பாங்க் மெஷினைத் தான் பாவிக்க வேணும்.

வூகொமர்ஸ் எண்டது வேர்ட்பிரஸ் எண்ட வெப்சைட் செய்யிற சொஃப்ட்வெயாருக்கு மேல ஓடுற இலவசப் பிளகின், அதாவது அதோட சேத்துப் பூட்டுற துணை சொஃப்ட்வெயார். ஹோஸ்டிங் காசு (வெப்சைட்டை வச்சிருக்கிற சேர்வருக்கு), டொமைன் காசு (வெப்சைட்ட பேருக்கு), ஒரு தெரிஞ்ச தம்பிட உதவி, இவ்வளவும் வேணும். கடையில பில் அடிக்கத் தனியா ஒரு பிஓஎஸ் பிளகின் போட வேணும், அது உங்கட வெப்சைட்ட எண்ணிக்கையையே நேரா எடுக்கும் எண்டதால ரெண்டு கொப்பிப் பிரச்சினை இல்ல. காசு வாங்க பேஹியர், வெப்எக்ஸ்பே மாதிரி உள்நாட்டுக் கேட்வே பாவிக்கலாம், அவங்களுக்கு வூகொமர்ஸ் பிளகின் இருக்கு. ஸ்ட்ரைப் எண்ட வெளிநாட்டுக் கேட்வே இலங்கைக் கடைக்குத் திறக்க ஏலாது, பேபாலில இங்க இருந்து காசு கட்டலாம், வாங்க ஏலாது. யூடியூப்பில இந்தியாக்காரர் செய்து காட்டுறதைப் பாத்து அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்காதீங்க. கடைக்குள்ள லங்காகியூஆர் ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டுங்க, எந்த பாங்க் ஆப்பால வேணுமெண்டாலும் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுவாங்க.

என்ட அபிப்பிராயம், அபாயாவுக்கு வூகொமர்ஸ் போதும். ஒரு டிசைனுக்கு 4 நிறம், 5 சைஸ் எண்டா 20 இலக்கம் வரும், அதை வேரியேஷன் எண்டு போட்டு ஒவ்வொண்டுக்கும் தனித்தனி எண்ணிக்கை குடுக்கலாம். "கறுப்பு" எண்டு மொத்தமா 12 போட்டுட்டு இருந்தா 54 சைஸ் முடிஞ்சது உங்களுக்கே தெரியாது.

ஆராவது ரெண்டு தனித்தனி சிஸ்டத்தை இணைச்சுத் தாறன் எண்டு வந்தா அது எந்த மாதிரி இணைப்பு எண்டு கேளுங்க. கிண்ணியா ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்த லேசு. 2009இல பாலம் திறக்க முதல் பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போற மிதவையில) தானே வந்து போனீங்க, பாதை இந்தப் பக்கம் வரும் வரைக்கும் சாமானோட கரையில நிக்க வேணும். சில இணைப்பு அப்பிடி, 15 நிமிஷத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வரும், அந்த 15 நிமிஷத்துக்குள்ள வித்தது மற்றப் பக்கத்துக்குத் தெரியாது. சில இணைப்பு பாலம் மாதிரி, வித்த உடனே செய்தி போகும், அதுக்கு வெப்ஹுக் எண்டு பேர். பாலத்தைக் கேளுங்க.

கேள்வி: நிலாவெளியில புறாமலைக்குப் போற ஆக்கள் வாற இடத்தில நீச்சல் சாமான், தொப்பி, கைவினைப் பொருள் விக்கிறம். சீசனில கடை நிரம்பி நிக்கேக்க கரண்ட் போனா, நெட் விழுந்தா என்ன செய்யிறது?
– ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளை நினைச்சுப் பாருங்க, அண்டைக்கு உங்கட கடை ஓட வேணுமெண்டா என்னென்ன வேணும் எண்டு மேசையில இருந்து ஒவ்வொண்டா எண்ணுங்க. டேப்லட்டுக்கு பட்டரி இருக்கு. ரூட்டருக்கு இல்ல, அதுக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் காணும். பில் பிரிண்டருக்கும் இல்ல, அதால பட்டரியில ஓடுற புளூடூத் பிரிண்டர் ஒண்டு, 58 மில்லிமீற்றர் பேப்பர் போடுறது, கையில வச்சிருங்க. காசு லாச்சி பிரிண்டரில இருந்து வாற வயரால தான் திறக்குது, பிரிண்டர் செத்தா லாச்சியும் திறக்காது, திறப்பு எங்க கிடக்கு எண்டு வேலைக்கு நிக்கிற பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்க வேணும்.

நெட் விழுறது வேற கதை. பிரவுசருக்குள்ள ஓடுற பிஓஎஸ் கன இடத்தில அப்பிடியே நிண்டிடும். போன்லயோ டேப்லட்லயோ ஆப்பா ஓடுறது, உதாரணத்துக்கு லொய்வர்ஸ், நெட் இல்லாட்டியும் பில் அடிச்சு வச்சிருந்து நெட் வந்த பிறகு அனுப்பும். ஆனா லொய்வர்ஸோட ஒன்லைன் கடையை இணைக்க இடையில வேற ஒரு ஆள்ட இணைப்புச் சேவை வேணும், அதுக்கு மாசக் காசு கேப்பாங்க, அதையும் கணக்கில சேருங்க.

நெட் இல்லாத ரெண்டு மணித்தியாலத்தில நீங்க கடையில என்ன வித்தாலும் வெப்சைட்டுக்குத் தெரியாது, இதை எந்தச் சிஸ்டமும் மாத்த ஏலாது. அதால நீங்க முதலே ஒரு இடைவெளி விடுங்க. நீச்சல் மாஸ்க் 10 இருந்தா ஒன்லைன்ல 8 எண்டு காட்டுங்க. ஒரே ஒரு பீஸ் உள்ள கைவினைப் பொருளை கடையிலயா ஒன்லைன்லயா எண்டு ஒரு பக்கம் மட்டும் வையுங்க, ஒன்லைன்ல போட்டா தட்டில இருந்து எடுத்து உள்ள வையுங்க.

கேள்வி: கடை பில் ரெண்டு மாசத்தில வெள்ளையாப் போகுது. ஒன்லைன் கஸ்டமர் திருப்பிக் கொண்டு வரேக்க ஒண்டும் வாசிக்க ஏலாம இருக்கு.
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: அது மையில்லாத பேப்பர் தங்கச்சி, சூட்டால கறுக்கிற பூச்சு தான் எழுத்தாத் தெரியுது. நகத்தால ஒரு கீறு கீறிப் பாருங்க, கறுப்புக் கோடு விழுற பக்கம் தான் அச்சடிக்கிற பக்கம். வெயிலும் எண்ணெய்க் கையும் அதுக்கு எதிரி, மலிவுப் பேப்பர் இன்னும் கெதியா அழியும். பில்லை நம்பாதீங்க, பில் இலக்கத்தை நம்புங்க. கஸ்டமர்ட போன் நம்பரை பில்லில சேத்தீங்கெண்டா நம்பரை அடிச்ச உடனே பழைய பில் வரும், வட்ஸ்அப்பிலயும் ஒரு பிரதி அனுப்பலாம்.

கேள்வி: கருவாடு நிறுத்து விக்கிறம். இதை எப்பிடி ஒன்லைன் எண்ணிக்கையோட சேக்கிறது? 479 பார்கோட் எடுக்க வேணுமா?
– ஒரு வாசகர், குச்சவெளி

பதில்: நிறுத்து விக்கிறதையும் பக்கெட்டா விக்கிறதையும் ஒரே சாமானா வைக்காதீங்க, அது தான் முழு விசயமும். வூகொமர்ஸ் சும்மா விட்டா முழு எண் மட்டும் தான் எடுக்கும், முக்கால் கிலோ எண்டது அதுக்கு விளங்காது. "நெத்தலி உதிரி" எண்டு ஒண்டு, கடையில மட்டும். "நெத்தலி 250 கிராம் பக்கெட்" எண்டு இன்னொண்டு, கடைக்கும் ஒன்லைனுக்கும். 5 கிலோவை 20 பக்கெட்டாக் கட்டினா அண்டைக்கே உதிரியில 5 கிலோவைக் குறைச்சு பக்கெட்டில 20ஐக் கூட்டுங்க. கருவாடு காயக் காய நிறை குறையும், அதால உதிரிக் கணக்கு ஒருநாளும் கிராமுக்குச் சரியா வராது, மாசம் ஒருக்கா நிறுத்துப் பாத்து வித்தியாசத்தைக் "கழிவு" எண்டு எழுதிப்போட்டு விடுங்க, வேலையாக்கள்ல சந்தேகப்படாதீங்க.

479 எண்டு தொடங்கிற கோட் இலங்கையில பதிஞ்சு எடுக்கிறது, சுப்பர்மார்க்கெட்டுக்கு சாமான் குடுக்கப் போறீங்கெண்டா எடுங்க. உங்கட கடைக்குள்ள பாவிக்க 2இல தொடங்கிற இலக்கம் காணும், அது கடை உள்பாவனைக்கெண்டே உலகம் முழுக்க ஒதுக்கி விட்டது, லேபல் அடிக்கிற தராசும் அதைத் தான் அடிக்கும், அந்தக் கோட்டுக்குள்ளேயே நிறையோ விலையோ இருக்கும். ஸ்கேனர் வாங்கினா கடையிலயே கொம்பியூட்டரில நோட்பேட்டைத் திறந்து ஒரு பிஸ்கட் பக்கெட்டைக் காட்டிப் பாருங்க. யுஎஸ்பி ஸ்கேனர் எண்டது கீபோட் மாதிரித் தான், 13 இலக்கத்தையும் தானே அடிச்சு அடுத்த வரிக்குப் போனா நல்ல ஸ்கேனர்.

கேள்வி: நாங்க வூகொமர்ஸ் பாவிக்கிறம். ஒன்லைன் ஓடரில பாதி கேஷ் ஒன் டெலிவரி. ஆக்கள் போன் எடுக்காம விட்டா பார்சல் திரும்பி வருது, பிறகு சரக்குக் கணக்கு முழுக்கக் குழம்புது.
– ஒரு வாசகர், மூதூர்

பதில்: நீங்க வூகொமர்ஸ் தான் பாவிக்கிறீங்க எண்டு எழுதியிருக்கிறீங்க, அப்பிடியெண்டா குழப்பம் எங்க வருது எண்டு சொல்லலாம். கூரியர்காரர் "எடுக்கல்ல" எண்டு மெசேஜ் போட்ட உடனே கோவத்தில ஓடரை கேன்சல் எண்டு மாத்துறீங்க. அந்த நிமிஷமே எண்ணிக்கை தானா ஒண்டு கூடிடும். பார்சல் அப்ப ஹபரணைப் பக்கம் எங்கயோ வானுக்குள்ள கிடக்கு, வெப்சைட்டும் கடைக் கொம்பியூட்டரும் அது உங்கட தட்டில இருக்கெண்டு சொல்லுது, ஆரோ அதை வாங்குறாங்க. ஆகவே கேன்சல் பண்ணாதீங்க, ஒன் ஹோல்ட்ல போட்டு வையுங்க, அதில எண்ணிக்கை குறைஞ்சபடியே நிக்கும். பார்சல் கைக்கு வந்து, உடைச்சு, சாமான் பழுதில்லை எண்டு பாத்து, தட்டில வச்ச பிறகு கேன்சல். பழுதா இருந்தா கேன்சல் பண்ணினதுக்குப் பிறகு எண்ணிக்கையில ஒண்டைக் கையால குறையுங்க.

ஓடர் வந்த உடனே ஒருக்காக் கோல் எடுத்துக் கதைச்சுட்டு அனுப்புங்க. திரும்பி வாற பார்சலுக்கும் நீங்க தானே கூரியர் காசு கட்டுறீங்க.

கேள்வி: ஒன்லைன்ல விலையைக் கூட்டி வைக்கலாமா?
– ஒரு வாசகி, தம்பலகாமம்

பதில்: உங்கட சொந்தத் தயாரிப்பெண்டா அது உங்கட விருப்பம். ஆனா பக்கெட்டில விலை அச்சடிச்ச சாமானை அதுக்கு மேல விக்கிறது குற்றம், 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்தில வாறது. டெலிவரிக் காசைத் தனி வரியாக் காட்டுங்க. வற் பதிவு இருக்கிற கடையெண்டா 2024 ஜனவரியில இருந்து 18 வீதம், அது விலைக்குள்ளயா வெளியிலயா எண்டதை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வையுங்க, இல்லாட்டி ஒரே சாமானுக்கு ரெண்டு மொத்தம் வரும்.

கேள்வி: ஒரு சொஃப்ட்வெயார்காரர் எல்லாம் தங்கட சேர்வரில இருக்கும், நீங்க ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்ல எண்டு சொல்றார். நம்பலாமா?
– ஒரு வாசகர், அநுராதபுரச் சந்தி

பதில்: என்ட சொந்தக்காரர் ஒருத்தர்ட கடையில நடந்ததைச் சொல்றன். அவருக்கும் இப்பிடித் தான் ஒராள் சொல்லி, நாலு வருசம் நல்லா ஓடிச்சு. பிறகு அந்த ஆள் தொழிலை விட்டுட்டார், போனும் வேலை செய்யல்ல. ஒரு திங்கக்கிழமை விடிய கடையைத் திறந்தா ஸ்கிரீனில லொகின் வரல்ல. 3,000 சாமான்ட விலை, ஆர் ஆர் எவ்வளவு கடன், எல்லாம் போச்சு. நானும் அவரும் ரெண்டு கிழமை இரவிரவா தட்டுத் தட்டா எண்ணி எழுதினம், கடன்காரர்ட பேரை அவர் நினைவில இருந்து சொன்னார், நினைவில வராததெல்லாம் நட்டம்.

அதால காசு குடுக்க முதல் அவருக்கு முன்னாலயே கேளுங்க, சாமான் பட்டியல், எண்ணிக்கை, கஸ்டமர் கடன், பழைய பில், இந்த நாலையும் எக்செல்லில திறக்கிற மாதிரி நானே இறக்க ஏலுமா எண்டு. ஏலும் எண்டா அப்பவே இறக்கிக் காட்டச் சொல்லுங்க. பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடை பூட்ட முதல் அந்த நாலையும் இறக்கி உங்கட ஈமெயிலுக்கு ஒண்டு, பென்டிரைவில ஒண்டு எடுங்க, பென்டிரைவை வீட்ட கொண்டு போங்க. வெப்சைட்ட டொமைன் உங்கட பேரில, உங்கட ஈமெயிலில இருக்கா எண்டும் அண்டைக்கே பாருங்க.